நிலாவெளியில் எமது நீல வாரம்

கடற்கரையிலே தனக்கென ஓர் அறை வேண்டுமென்ற ஆசை கல்லூரி ஆசிரியன் ஒருவனுக்கு உண்டாகலாகாது என்று சுற்றுநிருபம் எதுவும் விதித்திருப்பதாக நான் அறியேன். ஆயினும், அவ்வாசை உண்டான அன்றே அதனை அடக்கியிருப்பேனாயின், எமது வீட்டின் முன்விறாந்தைக்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே சீமெந்துத் தரை அமைந்திருக்கும்.

2016ஆம் ஆண்டில் ஒரு மாலை எனது கைத்தொலைபேசியில் ஓர் இனிய குரல் ஒலித்தது. குலுக்கல் ஒன்றில் எமது குடும்பம் தெரிவாகியிருப்பதாகவும், யாழ்ப்பாண நகரத்து ஹொட்டேல் ஒன்றில் நடைபெறும் விருந்துக்குக் கணவனும் மனைவியும் தவறாது ஒன்றாக வரவேண்டுமென்றும் அக்குரல் கூறிற்று. நான் எந்தக் குலுக்கலுக்கும் பெயர் கொடுத்தவனல்லன். இருந்தும் போனோம். போனவிடத்தில் விருந்துக்கு முன்னர் ஒன்றரை மணி நேர விளக்கவுரை. கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் ஒருவர், என்னிடம் படித்த மாணவனுக்குரிய பணிவுடன், வண்ணப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார்.

அவர் விற்க வந்த சரக்கு, டைம் ஷெயார் எனப்படும் காலப் பங்கு. விடுதியின் அறை ஒன்றை ஆண்டின் 52 வாரங்களாகக் கூறு போட்டு, ஒவ்வொரு கூற்றையும் ஒவ்வொருவருக்கு விற்றுவிடுவது இதன் முறை. வாங்கியவர் ஆண்டுதோறும் தமக்குரிய வாரத்தில் வந்து தங்கலாம். வராவிட்டாலும் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டியே தீரவேண்டும். 1960களில் சுவிட்சர்லாந்திலும் பிரான்சின் அல்ப்ஸ் மலைப்பகுதியிலும் தொடங்கிய இவ்வழக்கம் அமெரிக்காவிற் பெருகி, 1980களில் இந்தியாவுக்கும் வந்தது. தனியே ஒரு விடுமுறை வீடு வாங்க இயலாத நடுத்தரக் குடும்பங்கள் பல சேர்ந்து ஒன்றை வாங்குதல் என்ற அளவில் இவ்வெண்ணத்திற் குற்றம் எதுவுமில்லை. குற்றம் வந்து சேர்வது விற்பவரின் அவசரத்திலும் வாங்குபவரின் அசட்டையிலுமே.

ஆண்டின் வாரங்கள் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று நிறங்களாக வகுக்கப்பட்டிருந்தன. சிவப்புக்கு எட்டு இலட்சம், வெள்ளைக்கு ஐந்தரை, நீலத்துக்கு மூன்றரை, அதுவும் அன்றிரவு கையெழுத்திடுவோருக்கு மட்டும். சிவப்பென்றால் எல்லோரும் விரும்பும் காலம், நீலமென்றால் ஆள் வராத காலம் என்பது இத்தொழிலிற் பல நாடுகளிலும் வழங்கும் குறியீடு என்று பின்னர் அறிந்தேன். அன்று எனக்கு நீலம் என்றதும் கடல்தான் நினைவுக்கு வந்தது. “பள்ளிக்கூட விடுமுறைக்கும் பொருத்தம், சேர். திசெம்பர்!” என்றார் இளைஞர்.

இனி, வாசகர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவேண்டிய இடத்துக்கு வருகின்றேன். நான் கற்பிக்கும் பாடம் புவியியல். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் நீரைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகத் தரைவழியே கிழக்குக் கரையை அடைகின்றது. அக்காலத்தில் அக்கடல் அமைதியாகக் கிடக்கும். திசெம்பரிலோ வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து அதே கரையை நேரே வந்து மோதும். திருகோணமலை பெறும் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் சனவரி வரையுள்ள நான்கு மாதங்களிலேயே பெய்கின்றது. இதனைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் அம்புக்குறியிட்டு விளக்கி வந்தவன் நான். பிழையாக எழுதிய மாணவருக்குப் புள்ளி குறைத்தவனும் நானே.

அப்படியிருந்தும் நான் கையெழுத்திட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த இளைஞர் காட்டிய படங்களுள் ஒன்று, நிலாவெளிக் கடலின்மேல் முழுநிலவு எழுவதைக் காட்டும் படம்.

என் மனைவியின் தாயார் 1944ஆம் ஆண்டிற் பிறந்தவர். அவருடைய தகப்பனார் திருகோணமலைத் தபாற் கந்தோரிற் கடமையாற்றிய காலத்தில், எட்டு ஒன்பது வயதுச் சிறுமியாய் ஒரு பூரணை இரவு நிலாவெளிக்கு அழைத்துச் செல்லப்பட்டாராம். “கடல் எண்டால் அலையே இல்லைத் தம்பி. தாம்பாளத்திலை தண்ணி விட்டு வைச்ச மாதிரி. நிலவு அதுக்குள்ளை அப்பிடியே கிடந்தது” என்று மாமி சொல்லுவதை எமது பிள்ளைகள் மனனமாய் அறிவர். தகப்பனாருக்கு இடமாற்றம் கிடைத்து யாழ்ப்பாணம் வந்தபின் அவர் மீண்டும் அங்கே போகவில்லை. மணமானது, பிள்ளைகள் பிறந்தார்கள், போர் வந்தது. 2009இற் போர் முடிந்தபோது முழங்கால் நோவு தொடங்கிவிட்டது. ஆண்டுக்கு ஒரு வாரம் நிலாவெளியில் எமக்கென ஓர் அறை இருக்குமானால், மாமியை மெதுவாக ஒருமுறை அழைத்துப் போய்விடலாம் என்று எண்ணினேன்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் 11 பக்கம். “வழமையான நிபந்தனைகள்தான், சேர்” என்று இளைஞர் கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தந்தார். இரண்டரை இலட்சத்தை இடர்கடனாக எடுத்தேன். மீதி ஒரு இலட்சம் மனைவியின் சீட்டுக்காசு. “விறாந்தைக்கை மழைத்தண்ணி நிக்குது. அதை முதல் பாப்பமே?” என்று அவள் ஒரேயொரு தடவை கேட்டாள். அதையும் பார்ப்போம் என்றேன்.

2017இல் அறை ஒன்றும் இல்லையென்றார்கள். 2018இல், திசெம்பர் 15 முதல் 22 வரையுள்ள வாரம் எமக்குக் கிடைத்தது. 22ஆம் திகதி பூரணை. பஞ்சாங்கத்தைப் பார்த்து மகிழ்ந்த நான் அதே மாதத்தின் மழையை எண்ணிப் பார்க்கவில்லை. “அப்பா, திசெம்பரிலை அங்கை மாரியெல்லோ?” என்று மகள் கேட்டாள். அவளுக்கு வயது பதினான்கு. மழை எந்நாளும் பெய்யாது என்று விடை கூறினேன். வகுப்பில் அந்த விடைக்குப் புள்ளி கிடைத்திராது.

வவுனியாவரை ஏ9 வீதி, பின்னர் ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை. ஐவரும் காலையிற் பஸ் ஏறி, மாலையில் அங்கு இறங்கி, முச்சக்கரவண்டிகள் இரண்டு பிடித்து வடக்கே சென்றோம். உப்புவெளியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தோரின் கல்லறைகள் வரிசைவரிசையாக மழையில் நனைந்துகொண்டிருந்தன. உப்புவெளி, நிலாவெளி! இப்பெயர்களை இட்டவர் எவரோ, கோடையிலே வந்து பார்த்து இட்டிருக்கவேண்டும்.

விடுதியைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. முகப்பு, படத்திற் கண்டவாறே இருந்தது. எலுமிச்சம்பழச் சாறு தந்தார்கள். எமது அறை மூன்றாவது வரிசையில் இருந்தது. கடலுக்கும் எமது சாளரத்துக்கும் இடையே கட்டடங்கள் இரண்டும் மின்பிறப்பாக்கிக் கொட்டில் ஒன்றும். “பகுதிக் கடற்காட்சி” என்று தாளில் எழுதியிருந்தது. அந்தப் பகுதி எங்கே என்று தேடிய என் மகன், குளியலறையிற் கதிரை வைத்து ஏறி நின்றால் ஒரு சாண் அகலத்துக்குக் கடல் தெரிகிறதென்று கண்டுபிடித்தான். அறையுள் சமையல் வசதி உண்டென்றார்கள். இருந்தது மின்கேத்தல் ஒன்று. வெளியுணவு கொண்டுவரத் தடை. எமது குடும்பம் சைவ உணவுக் குடும்பம். காலையில் இடியப்பமும் சம்பலும் வைத்தார்கள். சம்பலில் மாசி மணத்தது. பரிமாறிய பையனிடம் கேட்டேன். “மீன் போடயில்ல, சேர். மாசி மட்டுந்தான்” என்றான் நேர்மையாக. மாமி வெறும் இடியப்பத்தைத் தேநீரில் தோய்த்து உண்டார். குச்சவெளிப் பக்கத்துப் பையனாகிய அவன், மறுநாள் முதல் தானாகவே எமக்கென்று மாசி போடாத சம்பலைச் சிறு கிண்ணமொன்றிற் கொண்டுவந்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த விடுதியில் எமக்குக் கிடைத்த உபசாரம் அதுவொன்றே.

இரண்டாம் நாள் “உறுப்பினர் சந்திப்பு” என்று அழைத்தார்கள். முறையிடுவதற்குத் தக்க சந்தர்ப்பம் என்று போனேன். முகாமையாளர் நான் சொன்ன குறைகள் யாவற்றையும் தலையசைத்துக் கேட்டு, அவை அத்தனையும் நீல உறுப்பினருக்குரியவை என்றும், இன்னும் இரண்டு இலட்சம் செலுத்தினால் நாம் வெள்ளை உறுப்பினராகலாம் என்றும் விளக்கினார். மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள்.

கடலைக் கூறவேண்டும். அது நீலமுமன்று, வெள்ளையுமன்று, மண்ணிறம். மூன்று நான்கு அடுக்காக எழுந்த அலைகள் மணலை அரித்துக்கொண்டு மதிலின் அடிவரை வந்து போயின. சிவப்புக் கொடி எந்நேரமும் பறந்தது. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாமலைக்கு, 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்தப் பவளப்பாறைத் தீவுக்கு, அந்நாட்களிற் படகு விடவில்லை. மழைத் திரையினூடாக அது கறுப்பாகத் தெரிந்தும் மறைந்தும் இருந்தது. மாமி வந்த அன்றே ஒரு தடவை கரைக்கு வந்து, என் தோளைப் பிடித்தபடி வெகுநேரம் பார்த்தார். “இடம் மாறிப்போச்சோ தெரியேல்லை” என்றார்.

அந்த வாரத்தில் நான் மறக்கமுடியாதது புதன்கிழமை இரவு. பத்து மணிக்கு மேலிருக்கும். மழை நின்று, மின்பிறப்பாக்கியும் ஓய்ந்திருந்தது. சாளரத்தினூடாகக் கட்டில்மேல் வெளிச்சம் விழுவதைக் கண்டு மாமிதான் எழுந்தார். முகில் கிழிந்து நிலவு வெளிவந்திருந்தது. பூரணைக்கு இன்னும் மூன்று நாள், ஆயினும் பெருநிலவு. “தம்பி, இப்ப போனால் பாக்கலாம்” என்றார். குடையை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். நான் கையைத் தாங்கிச் சென்றேன். இரண்டு கட்டடங்களைச் சுற்றி, நீச்சற் குளத்தைக் கடந்து மதிலை அடைந்தோம். கடற்பக்கக் கதவு பூட்டியிருந்தது. காவலாளி எழுந்து வந்து, மாலை ஆறு மணிக்குப் பின் திறப்பதில்லை, விருந்தினரின் பாதுகாப்புக்கான விதி, திறப்பு கந்தோரில் இருக்கிறது என்றார். கந்தோர் அடைத்திருந்தது. நான் குரலை உயர்த்தினேன். அவர் பாவம், என்ன செய்வார்? மதில் மாமியின் தலைக்கு மேலே அரையடி உயரம். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. கால் மணி நேரத்தில் முகில் மூடிக்கொண்டது. “பரவாயில்லைத் தம்பி. காலிலை தண்ணி பட்டால் சளி பிடிக்கும்” என்று மாமி திரும்பி நடக்கத் தொடங்கினார்.

நான் அன்றிரவு உறங்கவில்லை. மறுநாள் விடுதிச் சாப்பாட்டையும் விடுதியையும் விட்டு எல்லோரும் புறப்பட்டோம். திருக்கோணேச்சரத்திற் பூசை கண்டோம். கோட்டைக்குள்ளே மான்கள் மழைக்கு ஒதுங்கி நின்றன. சுவாமிமலையில் நிற்கவிடாமற் காற்று அடித்தது. அங்கிருந்து கன்னியா சென்றோம்.

கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகள் ஏழு. கிணறு என்ற சொல்லைக் கேட்டு எமது ஊர்த் துலாக்கிணற்றை நினைக்கலாகாது. சதுரமாகக் கட்டிய சிறு தொட்டிகள் அவை, இடுப்பளவு ஆழம், அடித்தரை தெரியும் தெளிந்த நீர். ஒவ்வொன்றின் சூடும் ஒவ்வொரு விதம். இராவணன் தன் தாயின் அந்தியக் கிரியைக்காக ஏழிடத்தில் ஊன்றியபோது ஊற்றெடுத்தவை என்பது ஐதிகம். நிலத்தின் ஆழத்திற் சூடேறிய நீர் பாறைப் பிளவுகளின் வழியே மேலே வருகிறதென்பது எம் பாடப்புத்தகம். கார்த்திகை கழிந்த குளிரில், தலைக்குமேல் மழை தூறிக்கொண்டிருக்க, வாளியால் அள்ளிய நீர் கையைச் சுட்டபோது இரண்டையும் நான் மறந்துவிட்டேன். பிள்ளைகள் ஒரு கிணற்றிலிருந்து மற்றதற்கு ஓடி, எது கூடிய சூடென்று தருக்கித்தார்கள். மாமியைக் கல்லொன்றில் இருத்தி மனைவி முழங்காலுக்கு நீர் வார்த்தாள். ஏழு கிணற்று நீரும் வார்க்கவேண்டும் என்றார் மாமி. வார்த்தாள். மழைக் காலமானபடியாற் கூட்டமும் இல்லை. அந்த வாரத்தில் மழை எமக்குச் செய்த நன்மை அது.

வெள்ளிக்கிழமை காலை மழை சற்றே ஓய்ந்தபோது மகனும் நானும் கடற்பக்கக் கதவால் வெளியேறி, கரையோரமாக வடக்கே நடந்தோம். விடுதி மதில்கள் முடிந்த இடத்தில், மணல்மேட்டுக்கு மேலே இழுத்து வைத்த படகுகளின் அருகில், முதியவர் ஒருவர் தார்ப்பாய் ஒன்றின்கீழ் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். ஊர் எது என்று விசாரித்தார். கடல் பார்க்க வந்ததாகச் சொன்னேன். ஊசியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த மாரிக்குள்ள ஆர் ஐயா கடல் பாக்க வாறது? கச்சான் காத்துக்கெல்லோ வரவேணும்!”

கச்சானென்றால் வறுத்து விற்கும் நிலக்கடலையை மட்டும் அறிந்த என் மகன் விழித்தான். எமது யாழ்ப்பாணத்துக் கடலோரத்தார் சோழகம் என்னும் தென்மேற்குக் காற்றுக்குக் கிழக்கிலே கச்சான் என்று பெயர். அக்காற்றுத் தொடங்கியதும், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளரும் தத்தம் கடல் குழம்பியதனாற் கீழ்க்கரைக்கு வந்து வாடியடித்து இருப்பர் என்றும், வாடைக் காற்றுக்கு முன் திரும்பிவிடுவர் என்றும் அவர் கூறினார். கரைவலை இழுப்பதும் அக்காலத்திலேதான். எமது பாடப்புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தை அவர் ஐந்து நிமிடத்திற் சொல்லி முடித்துவிட்டார். பங்குனிக்குப் பிறகு வாருங்கள், கடல் குளம் மாதிரிக் கிடக்கும் என்றார். குளமோ, தாம்பாளமோ, அவரும் மாமியும் ஒரே கடலைத்தான் சொல்கின்றார்கள் என்பது எனக்கு விளங்கிற்று.

அன்று பின்னேரம், வேறு வேலையின்மையால், மகள் அந்த 11 பக்க ஒப்பந்தத்தை எடுத்து அகராதியின் துணையோடு வாசித்தாள். வாரம் நிறுவனத்தின் வசதிக்கேற்ப ஒதுக்கப்படும். பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் உயர்த்தப்படலாம். செலுத்திய பணம் எக்காரணம் கொண்டும் மீளளிக்கப்படமாட்டாது. 15 ஆண்டுக்குள் உறுப்பினர் இறந்தால் பொறுப்பு அவருடைய வாரிசுகளைச் சாரும். “அப்பா, வாரிசு எண்டால் நாங்களோ?” என்று கேட்டாள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், 2008ஆம் ஆண்டுப் பணிப்புரையின்படி, இத்தகைய ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டவர் 14 நாட்களுள் காரணம் கூறாமலே அதனைக் கைவிடலாம். அந்நாட்கள் கழியும்வரை அவரிடம் முற்பணம் வாங்குதலும் ஆகாது. இதனை நான் பின்னர் படித்தறிந்தேன். எனது ஒப்பந்தத்தில் அப்படியொரு வாசகம் இல்லை. இருந்திருந்தாலும் நான் வாசித்திருக்கப் போவதில்லையே!

22ஆம் திகதி புறப்பட்டோம். அந்நாட்களிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பெருவெள்ளம் வந்தமை பலருக்கு நினைவிருக்கும். ஏ9 வீதியின் இருமருங்கும் வயலெது குளமெது என்று தெரியவில்லை. பஸ் மெல்ல ஊர்ந்தது. அந்த இருளிலும் அமைதியிலும் என் மகன், “அடுத்த வருசமும் இதே கிழமையோ, அப்பா?” என்றான். முதலிற் சிரித்தவர் மாமி. பிறகு மனைவியும் சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். வீட்டை அடைந்தபோது விறாந்தையிற் கணுக்காலளவு தண்ணீர் நின்றது.

2019 ஏப்ரில் மாதத்துக் குண்டுத் தாக்குதல்களின் பின் விடுதிகள் வெறிச்சோடின. மறு ஆண்டு கொரோனா. பராமரிப்புக் கட்டணம் கேட்டு வந்த கடிதங்கள் அதன்பின் வரவில்லை. தொலைபேசி இலக்கமும் உயிரற்றுப் போயிற்று. எனது இடர்கடனை மட்டும் சம்பளத்திலிருந்து ஒழுங்காகக் கழித்து வந்தார்கள். மாமி 2021இற் காலமானார்.

2023 யூலைப் பூரணை திங்கட்கிழமையன்று வந்தது. சனிக்கிழமை நாம் நால்வரும் மீண்டும் நிலாவெளி சென்று, ஊருக்குள் ஒரு வீட்டில் வாடகைக்கு விடும் அறையொன்றிற் தங்கினோம். ஞாயிறு மாலை கரைக்குச் சென்றபோது கரைவலை இழுத்து முடிந்து, மீன் கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். புறாமலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றிற்று. இருட்டுமுன்பே நிலவு கடலுக்கு மேலே வந்துவிட்டது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நீரில் இறங்காமல் கைத்தொலைபேசியிற் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். மனைவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியே நடந்துபோய், கணுக்காலளவு நீரில் நின்றாள். நான் அருகே சென்றேன்.

“தாம்பாளம் எண்டு அம்மா சொன்னது சரிதான்” என்றாள்.